பாட்டு முடிந்ததும் வெளியே வரவேண்டும்

தென்காசி,
ஜூன், 1937

இழுக்கவில்லை, பெரியப்பா. கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இழுத்தால் எதிரில் இருப்பவர் பின்னால் சாய்வார். அந்த அம்மாள் சாயவில்லை. என்னோடு நடந்துதான் வந்தார். பாறை வழுக்கியதால் கொஞ்சம் வேகமாக நடந்தார். அவ்வளவுதான்.

இப்படி ஆரம்பித்தது தவறு. தங்கள் கடிதத்தைப் படித்த கையோடு பேனாவை எடுத்துவிட்டேன். முறைப்படி ஆரம்பிக்கிறேன்.

ஆலங்குளம் பெரியப்பா ஆறுமுகநயினார் பிள்ளை அவர்கள் சமூகத்துக்குத் தென்காசியிலிருந்து தம்பி மகள் ஆவுடையம்மாள் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் பசுமாடும் சௌக்கியம். துணிமணிகள் மட்டும் சௌக்கியமில்லை. சாரல் விடாமல் விழுவதால் எதுவும் காயவில்லை. அங்கே பெரியம்மாவும் தாங்களும், தங்கள் முழங்கால் நீங்கலாக, சுகம் என்று நம்புகிறேன். முறை முடிந்தது.

தங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள். ராயகிரி குருவம்மாளை ஊரார் பார்க்க அருவியிலிருந்து இழுத்து வெளியே விட்டது உண்மையா? ஒரு வருஷம் பட்டணத்துக் காலேஜில் இருந்து நீ கற்றது இதுதானா? இவற்றுக்கு ஒழுங்கான பதில் வந்தால் இரண்டாம் வருஷம், இல்லாவிட்டால் படித்தது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். காலேஜ் திங்கட்கிழமை திறக்கிறது. அப்பாவைக் கேட்கலாமென்றால், கொழும்பிலிருந்து அவர் எழுதுகிற எல்லாக் கடிதமும் ஒரே கடிதம்தான்: அண்ணாச்சி சொன்னபடி செய். ஆகவே தாங்கள்தான் பரீட்சை. காலேஜ் பரீட்சையில் தெரியாத கேள்வியை விட்டுவிடலாம். இங்கே அந்தச் சலுகை இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் மேலே வந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், இதுதான் கற்றேன். கோபத்தோடு தாளை மடித்துவிடாமல் மேலே படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் விடுதியில் ஒரு மாடிக்கு ஒரு குளியலறை. பட்டணத்தில் தண்ணீர் குழாயில் வருகிறது. காலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு பெருமூச்சு மட்டும் வரும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வகுப்பு. முதல் வாரம் முழுக்கச் சண்டை. தெலுங்கில் ஒரு சண்டை, மலையாளத்தில் ஒரு சண்டை, இரண்டுக்கும் பிறகு இங்கிலீஷில் மன்னிப்பு. நான் எந்தச் சண்டையிலும் இல்லை. செம்பும் துண்டுமாக வராந்தாக் கோடியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அருவிக்கரையிலிருந்து போனவள். தண்ணீருக்குக் காத்திருப்பது என்று உலகத்தில் ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது.

வார்டன் ஞானபாக்கியம் அம்மாள் வந்தார். கடிகாரம் மாட்டினால் கடிகாரத்தோடும் சண்டை போடுவீர்கள் என்று சொல்லிவிட்டு ஒரு சட்டம் போட்டார். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாட்டு முடிந்ததும் உள்ளே இருப்பவள் வெளியே வரவேண்டும். வராவிட்டால் அந்த வாரத்து மானிட்டர் கதவைத் தட்டி, கையைப் பிடித்துக் கூட்டி வந்து வரிசையின் கடைசியில் விடலாம். மானிட்டர் அதட்டக்கூடாது. இழுக்கக்கூடாது. யார் மகள் என்று கேட்கக்கூடாது. கடைசியில் நிற்பது தண்டனையில்லை. முறை வந்தால் மறுபடி குளிக்கலாம்.

இந்தச் சட்டத்தில்தான் பெரியப்பா என் வருஷம் போயிற்று. எப்படிச் சொல்வேன். உள்ளே இருப்பவள் நமக்கு வேண்டியவளாக இருந்தால் எல்லா அடிகளையும் பாடுவோம், வேண்டாதவளாக இருந்தால் பல்லவியோடு சரி, பரீட்சை நாளில் ஆந்திராப் பெண்கள் பாடுகிற வேகத்தில் உள்ளே போனவள் சோப்பை எடுக்கும் முன்பே பாட்டு முடிந்துவிடும், என் அறைத்தோழி ஜெபமலர் நாசரேத்துக்காரி, அவள் கோவில் பாட்டுகளுக்கு அடிகள் தீராது, ஆகையால் குளிர்காலத்தில் எல்லோரும் ஜெபமலர் வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போவார்கள், அவளுக்கோ பாட ஆரம்பித்தால் வரிசை, தண்ணீர், வகுப்பு எதுவும் நினைவிருக்காது. இப்படியே வருஷம் முடிவதற்குள் எனக்குத் தெலுங்கில் ஒரு கல்யாணப் பாட்டு, மலையாளத்தில் ஒரு ஓடப் பாட்டு, கன்னடத்தில் பாதி. அர்த்தம் தெரியாது. எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்று தெரியும்.

என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்த கும்மிப் பாட்டைப் பாடினேன். சிரித்தார்கள். பாட்டுக்கு இல்லை, பேச்சுக்கு. "வருதான், போறான்" என்று நான் சொன்னால் மாடி முழுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். பிறகு பார்த்தால் எங்கள் அறையின் மூன்றாவது பெண், ஆம்பூர் ரஹ்மத்துன்னிசா, வீட்டில் உருது பேசுகிறவள், வார்டன் கேட்ட சாவிக்கு, "அங்கன வச்சிருக்கேன்" என்று பதில் சொல்கிறாள். வார்டன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

ரஹ்மத்துன்னிசா வரிசையில் பாடமாட்டாள். அவர்கள் வீட்டில் பெண்கள் நாலு பேர் கேட்கப் பாடுவது வழக்கமில்லையாம். உதட்டை அசைப்பாள். நோன்பு மாதத்தில் ஒரு நாள், காலையிலேயே சோர்ந்துபோய் நின்றவள், எங்கள் பாட்டு முடிகிற இடத்தில் தானாக ஒன்றை ஆரம்பித்தாளாம். தாலாட்டு. அவள் அம்மா பாடுவது. வரிசை பேசாமல் நின்றது. உள்ளே இருந்தது நான். பாட்டு முடிந்தது. தண்ணீரும் நின்றுவிட்டது. நான் வெளியே வரவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் தெரியாது. ஜெபமலர்தான் அந்த வாரம் மானிட்டர். கதவைத் தட்டி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிப் பிடிக்கிற கையில் அவமானம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. தாங்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

வேறு என்ன கற்றாய் என்பீர்கள். கடல் பார்த்தேன். முதலில் ஏமாற்றம். தண்ணீர் படுத்திருந்தது. நம் ஊரில் தண்ணீர் நின்றபடி விழும். பிறகு அது எழுந்து வந்து, என்னைக் கேட்காமல் என் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிற்று. மறுபடி வந்தது. கூட்டிப்போன ஆசிரியை எல்லோரையும் எண்ணிப் பார்த்து, ஒருத்தி குறைகிறாள் என்று பதறி, முட்டளவு தண்ணீரில் என்னைக் கண்டுபிடித்தார்.

முள்கரண்டியும் உண்மைதான். அதையும் யாராவது தங்கள் காதில் போட்டிருப்பார்கள். பிரின்ஸிபால் வீட்டு விருந்து. இட்லியைக் குத்தினேன், வந்தது. சாம்பாரில் தோய்த்தேன், இட்லி பிரிந்து போயிற்று. கரண்டி வெறுமையாக வாய்க்கு வந்தது. அந்த வெள்ளைக்கார அம்மாள் பார்த்தார். தன் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். இதில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்று தாங்களே தீர்மானிக்கலாம்.

கிறிஸ்துமஸுக்குப் பாட உயரமான பெண்கள் வேண்டும் என்று என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். "வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்," என்றாள் ஜெபமலர். அசைத்தேன். மதம் மாறவில்லை, உதடுதான் அசைந்தது. அதற்கு முன்பு கார்த்திகைக்கு அவள் என்னோடு உட்கார்ந்து விளக்கேற்றி விரலைச் சுட்டுக்கொண்டாள். ரஹ்மத்துன்னிசா நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் மூன்று பங்காகும். டிராம் வண்டியில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரை போனேன், எங்கே முடிகிறது என்று பார்க்க. ஒன்றுமில்லை. தண்டவாளம் நின்றுவிடுகிறது. ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதைப் பார்த்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

மன்னிக்கவும். தாங்கள் கேட்டது விளக்கம். எனக்குச் சந்தோஷம் வந்துவிடுகிறது.

விடுமுறைக்கு வந்தபோது நான் மாறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் அம்மா சோறு வைத்தாள். பழக்கத்தில், "ரொம்ப நன்றிம்மா" என்றேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருக்கு நன்றி?"

"ஒனக்குத்தாம்மா."

"நான் என்ன கிளப்புக் கடையா நடத்துதேன், வாரவ போறவ நன்றி சொல்லிட்டு எந்திரிக்க?"

சாயங்காலம் வரை பேச்சில்லை. மறுநாள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். "நல்லாருக்கு நல்லால்லேன்னு வாயிலேர்ந்து ஒரு வார்த்த வருதா பாரு. பட்டணத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாவளா?" என்றாள் அம்மா. அடுக்களைக்குள் போகும் முன் கதவைத் தட்டியதற்கும் திட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் பூனையைத் தவிர வேறு யாரும் இல்லை.

இனி குற்றாலம்.

அன்றைக்கு அம்மா என் தலையில் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் வைத்தாள். புதுச் சுங்குடிப் புடவையை எடுத்துக் கொடுத்தாள்.

"குளிக்கப் போறதுக்கு எதுக்கும்மா நல்ல புடவ?"

"ஏன், நனைஞ்சா காயாதா?"

ஒரு வாரமாக எதுவும் காயவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அங்கேயாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருஷம் தர்க்கசாஸ்திரம் படித்தவள்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாது, பெரியப்பா. பிறகுதான் அம்மா சொன்னாள். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் பலகாரமும் பவுடரும்தான் தெரியும். சீசனில் அருவியில் வைத்துப் பார்த்தால் பெண் தெரியும். நனைந்த தலையில் சவுரி நிற்காது. கால் விந்துகிறதா என்பதைப் பாறை சொல்லிவிடும். குளிரில் பல் கிட்டும்போது குணம் வெளியே வரும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் யாரோபோல் வந்து பக்கத்தில் குளித்துவிட்டுப் போவார்கள். பெண்ணிடம் மட்டும் சொல்லக்கூடாது, சொன்னால் குணம் ஒளிந்துகொள்ளும். தாங்கள் ஏற்பாடு செய்தீர்கள், அம்மாவுக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியும். மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம், அன்றைக்கு மெதுவாகத்தான் போயிற்று.

அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கூட்டம். தோள் வலுத்தவர்கள் அருவிக்கு நேர் கீழே நின்றார்கள். நின்றவர்கள் நகரவில்லை. திருவேங்கடத்துப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த பெண்கள் ஓரத்தில் எண்ணெய்த் தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கரிசல் காட்டுக்காரர்கள். ஊரில் குடிக்கவே தண்ணீர் எட்டாது. இத்தனை தூரம் வந்து, இத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, சாரலில் நனைந்தது போதும் என்று திரும்புகிற நிலைமை. அவர்களில் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. இரண்டு தடவை உள்ளே நுழைந்து இரண்டு தடவையும் பிதுங்கி வெளியே வந்தாள்.

எனக்கு எங்கள் வராந்தாக் கோடி ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எல்லாரும் வரிசையா நின்னா எல்லாரும் குளிக்கலாம்."

திரும்பிப் பார்த்தார்கள்.

"அருவி என்ன ஒங்க அப்பன் வீட்டுக் குழாயா?" என்றாள் ஒருத்தி.

"குழாயா இருந்தா நின்னு போயிரும் அக்கா. இது நிக்காது. அதனாலதான் அவசரம் வேண்டாங்கேன்."

"ஏட்டி, கேட்டியா இவ பேச்ச. படிச்ச பிள்ள போலருக்கு."

"படிச்சவ குளிக்க மாட்டாட்டி. வரிசதான் நிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடி கைக்குழந்தைக்காரியை முன்னால் நிறுத்தி, அவளுக்குப் பின்னால் நான் நின்று, சட்டத்தைச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தேன். என் குரல் தங்களுக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தில் தாங்களே நிறுத்தச் சொன்னீர்கள். அந்தத் திருவேங்கடத்துப் பெண்கள் இரக்கப்பட்டுத்தான் பாட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்ட பிறகு பெரியப்பா, அது பாட்டு. அவர்களில் மூத்தவள் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்ட, ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து பின்னால் சேர, அருவியில் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆசை வந்துவிட்டது, பார்க்க வெளியே வந்தார்கள், வந்தால் திரும்பிப் போக வரிசையில் நிற்க வேண்டும், நின்றால் பாட வேண்டும், உள்ளே மாமியார் போனால் மருமகள் பாட்டைச் சுருக்குகிறாள், மகள் போனால் தாய் இல்லாத அடிகளையெல்லாம் சேர்க்கிறாள், "இது பாட்டுலயே கிடையாதுட்டி" என்று மற்றவர்கள் சண்டை, "எங்க ஊர்ல உண்டு" என்று பதில். விடுதி மாடியை அப்படியே தூக்கி அருவிக்கரையில் வைத்ததுபோல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பாறையில் நின்று நெற்றியில் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது பெரிய உருவமாக, காதில் பாம்படம் ஆட, ஒரு அம்மாள் வந்தார். வரிசையைப் பார்த்தார். பக்கவாட்டில் நுழைந்து அருவிக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார். சரி, தெரியாதவர், இந்தப் பாட்டு இவருக்கு என்று வைத்துக்கொண்டோம். பாட்டு முடிந்தது. அவர் வரவில்லை. இன்னொன்றும் முடிந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் தலையை, காலை, மறுபடி தலையை. வரிசையும் என்னைப் பார்த்தது.

போனேன். அருவிச் சத்தத்தில் காதருகே பேச வேண்டியிருந்தது.

"பாட்டு முடிஞ்சிட்டு ஆச்சி."

"யாரு வீட்டுப் பிள்ள நீ?"

"வரிசைல நிக்க பிள்ள. வாங்க ஆச்சி, நேரமாச்சு."

"நான் யாருன்னு தெரியுமாட்டி ஒனக்கு?"

"தெரியாது ஆச்சி. கடேசில நின்னா திரும்பக் குளிக்கலாம்."

கையைப் பிடித்தேன். புன்னகையோடுதான். சட்டத்தில் உள்ளபடி. அவர் வந்தார். அந்த நேரத்தில் வண்டிப் பக்கத்திலிருந்து பார்த்த சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கு, இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடிக்க வந்தவர் என்பதால், அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். அவர்தான் தங்களுக்கு எழுதினார் என்று ஊகிக்கிறேன். அவர் பார்க்காத மிச்சத்தை நான் எழுத வேண்டும்.

அந்த அம்மாள் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவள் திரும்பி, "என்னக்கா, சும்மா நிக்கியோ? பாட்டு வராதா?" என்று கேட்டாள். "வாய்க்குள்ள கொழுக்கட்டையா?" என்றாள் அவளுக்கும் முன்னால் நின்றவள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் பாட ஆரம்பித்தார். நடவுப் பாட்டு. யாருக்கும் தெரியாத பாட்டு. ஆகவே யாரும் சேர்ந்துகொள்ள முடியவில்லை, எங்கே முடியும் என்றும் தெரியவில்லை. உள்ளே நின்றவள் கைக்குழந்தைக்காரி, இரண்டாம் தடவை வந்தவள். அவளுக்கு அன்றைக்கு அடித்தது யோகம். குழந்தை முதலில் அழுது, பிறகு சிரித்து, பிறகு தூங்கியே போயிற்று.

அந்த அம்மாள் முறை வந்தது. குளித்தார். பாட்டு முடிந்ததும் தானாக வெளியே வந்தார். தலையைப் பிழிந்துகொண்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் திரும்பும்போது மடத்துப் பக்கம் தாண்டியதும் அம்மா என் அருகே நகர்ந்து வந்தாள். பிறகு சொன்னாள்.

"அது மாப்பிள்ளையோட அம்மா."

"எந்த மாப்பிள்ள?"

"ஒனக்குத்தாம்ட்டி."

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். அவள் தோள் குலுங்கிய விதம் சந்தேகமாக இருந்ததால் விலக்கிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொம்பளையப் போயி," என்று ஆரம்பிப்பாள், முடிக்க முடியாது. வீடு வந்ததும் சிரிப்பு நின்றது. "ஆலங்குளத்துல என்ன சொல்லுவாவளோ," என்றாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. அலங்காரம் இல்லாமல் ஒன்று எழுதிவிடுகிறேன், பெரியப்பா. எனக்குத் திரும்பிப் போகவேண்டும். படிப்புக்காக மட்டும் என்று எழுதினால் பொய். தர்க்கசாஸ்திரத்தில் சுமாரான மார்க்குதான். போன வருஷம் இதே மாதம் வராந்தாக் கோடியில் நின்று அழுதவளுக்கு, இந்த வருஷம் இருபது பெண்களுக்கு முன்னால் வாய் திறந்தது. எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அங்கிருந்துதான். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் என்ன ஆகும் என்று தங்களுக்குப் பயமாக இருக்கலாம். எனக்கும்தான். அந்தப் பயம் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஆனாலும் தவறு தவறுதான். ராயகிரிக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். இந்த சீசனில் அருவிப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன். சம்பந்தம் முறிந்தால் அந்தப் பழி என்னுடையது. அந்த வீட்டார் பெரிய மனது செய்து இன்னும் விரும்பினால், அதையும் தங்கள் முடிவுக்கு விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை வரும், போகும். தங்கள் கையெழுத்தில் பதில் வரும்வரை தென்காசி எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று உறுதி சொல்கிறேன்.

பெரியம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலுக்கு அம்மா தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள், வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். தங்கள் கோபம் ஆறி, வாழ்த்து மட்டும் மிஞ்சியிருக்கும் நாளை எதிர்பார்த்து,

தம்பி மகள்
ஆவுடையம்மாள்

பின்குறிப்பு: மேலே கடைசிப் பத்திகளைத் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் வில்வண்டி நின்றது. ராயகிரி அம்மாள் இறங்கினார். பின்னால் ஒரு பெண் இறங்கினாள், அவளுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. அம்மா பாயைத் தலைகீழாக விரித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீ சும்மா இரு. நான் ஒங்கம்மாட்டப் பேச வந்தேன்," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பாலம்மா, எம் மவனுக்கு ஒம் மவ வேண்டாம். அவன் குளிக்கப் போனாம்னா மத்தியானச் சோத்துக்குத்தான் கரையேறுவான். இவளுக்கும் அவனுக்கும் ஒரு வாரம் ஒத்துவராது."

"சின்னப் பிள்ள மதினி. தெரியாமச் செஞ்சிட்டா," என்றாள் அம்மா.

"தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருப்பா. எங்க வீட்ல எம் முன்னால ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா. அங்கன ஒருத்தி, எனக்கு வாய்க்குள்ள கொழுக்கட்டையான்னு கேக்கா. நானும் நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அப்புறம் அந்தப் பெண்ணை முன்னால் தள்ளினார். மகள், பேராச்சி. பாளையங்கோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். எங்கள் காலேஜிலேயே இடம் கிடைத்துக் கடிதம் வந்து கிடக்கிறதாம். துணைக்கு ஆள் இல்லை என்று இவர்தான் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாராம்.

"இவ கூட்டிட்டுப் போகட்டும்," என்றார்.

அம்மா தங்கள் பெயரைச் சொன்னாள். ஆலங்குளத்துக்கு எழுதிப் பதில் வரவேண்டும் என்றாள்.

"நயினார் அண்ணாச்சிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பட்டணத்து ரயிலு இன்னைக்குல்லா?"

தங்கள் கடிதத்தின் கடைசி வரி, ராயகிரி வீட்டார் மனம் கோணும்படி இனி ஒரு காரியமும் நடக்கக்கூடாது என்பது. அம்மா அதை எடுத்து எழுத்துக்கூட்டி ஒரு தடவை படித்தாள். என் புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

ஆகவே பின்குறிப்பை ரயிலில் எழுதுகிறேன். பெண்கள் பெட்டியில் இருக்கிறோம். விருதுநகரில் ஜெபமலரும் அவள் அப்பாவும் சேர்ந்துகொள்வார்கள், கவலை வேண்டாம். கடிதத்தையும் அங்கேயே தபாலில் போடுவேன். பேராச்சி சங்கரன்கோவில் வரை அழுதாள். இப்போது ராஜபாளையம் தாண்டியாயிற்று. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்குப் பாதி கொடுத்தேன்.